புதுப்பிப்பு: கொள்ளுத்தாத்தாவின் சொந்த ஊர் தெரிந்துவிட்டது

1930களில் சிங்கப்பூருக்கு வந்து செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவரின் ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் 'இந்தியா' என்று மட்டுமே இருந்தது. கைகொடுத்தது, பழைய இந்தியப் பாஸ்போர்ட்டைத் தேடச் சொன்ன யோசனைதான். அதில் கிராமம், மன்னார்குடி தாலுகா, தஞ்சாவூர் ஜில்லா என்று தெளிவாக இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: 1997இல் திருவாரூர் மாவட்டம் உருவானபின் மன்னார்குடி அதில் சேர்ந்துவிட்டது. பழைய ஜில்லா பெயரை நம்பித் தஞ்சாவூரில் விசாரித்தால் அலைச்சல்தான் மிஞ்சும்.

எதிர்பாராதது பெயரின் எழுத்துக்கூட்டல். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பான 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' தளத்தில் ஆங்கில நாளிதழ்களைத் தேடுபவர்கள் முத்துசாமி என்ற பெயரை 'யூ' எழுத்து போட்டும், இரட்டை 'ஓ' போட்டும், சேர்த்தும் பிரித்தும் தனித்தனியாகத் தேட வேண்டும். தந்தை பெயரையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் பலர் வருவார்கள்.

வந்த ஆண்டும் முக்கியம். உதவிபெற்ற (பயணச் செலவைப் பிறர் ஏற்ற) தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்தது. அதற்குப் பின் வந்தவர் என்றால் கங்காணி (ஊரில் ஆள் சேர்த்து அழைத்து வருபவர்) வழியைவிட, சொந்தச் செலவில் கப்பலேறியவராகக் கொண்டு தேடுவதே சரி.