டையில் தள்ளிய பெல்லட் ஒரு பக்கம் உரிகிறது, வழி சொல்லுங்க

கோபி_தோப்பு எழுதியது:

வணக்கம்ங்க. என்னிடம் இருப்பது ஸ்பிரிங் வைத்த மடக்கு ஏர் ரைஃபிள், .177 (4.5 மில்லி குழல்). தோப்புக்குள் பத்து மீட்டரில் காகிதம் மட்டும்தான் சுடுகிறேன். (மயில் விரட்டவா என்று ஊரே கேட்டாயிற்று. இல்லைங்க.) கடையில் கிடைக்கும் சாதா பெல்லட் (ஈயக் குண்டு) ஒரே டப்பாவுக்குள்ளேயே அளவு மாறுகிறது. தலை சிலது 4.48, சிலது 4.55 மில்லி. எல்லாவற்றையும் ஒரே அளவாக்க லேத்தில் கொடுத்து 4.50 துளையில் ஒரு டையும் (துளை அச்சு), பெல்லட்டை அதன் வழியே தள்ளும் கம்பியும் செய்து வாங்கினேன். பழைய ஹேண்ட் பிரஸ்ஸில் மாட்டித் தள்ளுகிறேன்.

தள்ளினால் ஒரு பக்கம் மட்டும் ஈயம் சுருளாக உரிகிறது. ஸ்கர்ட் (பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை) விளிம்பும் நெளிகிறது. டையில் போடாத பெல்லட் ஓரளவு கூட்டமாக விழுகிறது, போட்டது சிதறுகிறது. துளையை 4.52 ஆக்கச் சொல்லட்டுமா?

கணபதி_லேத் எழுதியது:

துளையைத் தொடாதீங்க தம்பி. பெரிசாக்கிய துளையை யாராலும் சிறிசாக்க முடியாது.

துளை சிறிசு என்றால் சுற்றிலும் உரியும். ஒரே பக்கம் உரிந்தால் எங்கேயோ கோணல். எங்கே என்று முதலில் பாருங்க. டை முகத்தில் மார்க்கரில் ஒரு கோடு போட்டு நாலு பெல்லட் தள்ளுங்க. அப்புறம் டையை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி இன்னும் நாலு. உரிசல் கோட்டோடு சேர்ந்து திரும்பினால் டை வாயில் பிசிறு. திரும்பாமல் பிரஸ்ஸின் அதே பக்கத்தில் நின்றால் கம்பி நேராக இறங்கவில்லை.

இன்னொன்று, கம்பி முனை எப்படி இருக்கிறது? தட்டையா?

கோபி_தோப்பு எழுதியது:

தட்டைதாங்க. டையைத் திருப்பிப் பார்த்தேன். உரிசல் திரும்பவில்லை, பிரஸ் கைப்பிடிப் பக்கமே நிற்கிறது.

கணபதி_லேத் எழுதியது:

அப்ப சரி. டை தப்பித்தது.

பழைய ஹேண்ட் பிரஸ்ஸில் ராம் (அழுத்தி இறங்கும் தண்டு) ஆடும். கைப்பிடியை அழுத்தும்போது ராம் ஒரு பக்கம் சாயும், கம்பியும் சேர்ந்து சாயும். பிரஸ்ஸை ரிப்பேர் செய்யப் போகாதீங்க, காசு தண்டம். கம்பிக்கு வழிகாட்டுகிற வேலையை டையே பார்க்கட்டும். டை மேல் ஒரு புஷ் (கம்பிக்கு வழிகாட்டும் குழாய்த் துண்டு) ஏற்றி, அதன் துளையும் டை துளையும் ஒரே மையத்தில் வரும்படி ஒரே செட்டிங்கில் போடச் சொல்லுங்க. பிடியிலிருந்து கழற்றி மாட்டினால் அந்த மையம் போச்சு. கம்பி அந்தப் புஷ்ஷுக்குள் வழுக்கி இறங்கணும். கம்பித் தலையில் சின்னக் குழி போட்டு ஒரு பேரிங் குண்டு வைத்துவிட்டால், ராம் எப்படிச் சாய்ந்தாலும் குண்டு மேல் அழுத்துவதோடு சரி. பம்ப் உதிரி பாகத்துக்கு புஷ் ஏற்றும்போது நாங்கள் செய்வதும் இதேதான்.

இப்ப முனை. ஸ்கர்ட் மெல்லிசு. தட்டைக் கம்பி அந்த விளிம்பைப் போய் மிதித்தால் மடங்காமல் என்ன செய்யும்? முனையைக் குறுக்கி உருட்டி விடுங்க. ஸ்கர்ட் குழிக்குள் நுழைந்து தலையின் பின்புறத்தில் முட்டணும். தலை முன்னால் போகும், ஸ்கர்ட் தானாகப் பின்னால் வரும்.

டை வாயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்க. டிரில் வாய்க்கு வழக்கமாகப் போடுகிற 90 டிகிரி சேம்ஃபர் (விளிம்புச் சரிவு) ஈயத்துக்கு ஆகாது. அது முடியும் இடத்து விளிம்பு உளி மாதிரி சீவும். நீளமான, மெல்லிய சரிவாக இறங்கி 4.50க்குள் போகணும். பாலிஷ் போட்டால் துளை சில மைக்ரான் கூடும், ரீமர் (துளையை அளவுக்குச் சீவும் கருவி) போடும்போதே அதற்கு இடம் விட்டிருக்கணும். ஏற்கெனவே சரியாக 4.50 வந்துவிட்டதென்றால் வாயை மட்டும் பாலிஷ் போடுங்க, உள்ளே போகவேண்டாம்.

கோவை_பத்துமீட்டர் எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் டை எதற்கு என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. 4.48 தலை 4.50 துளையில் சும்மா நழுவிவிடும், அதை டை பெரிசாக்காது. போட்டிக்கான மேட்ச் பெல்லட் டப்பாவில் தலை அளவு 4.49, 4.50 என்று போட்டே வரும், எடையும் 0.53 கிராம் பக்கம் ஒரே சீராக இருக்கும். பத்து மீட்டர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து மதிப்பெண் தரும் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிங்க. அதைக் குறி வைத்துவிட்டு மலிவு பெல்லட்டோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை என்பது என் எண்ணம்.

டைதான் என்றால் ஸ்கர்ட்டையும் 4.50க்கு அமுக்காதீங்க. தலையைத் தாண்டியதும் நிறுத்திப் பின்னால் எடுத்துவிடலாம். ஸ்கர்ட்தான் காற்றை அடைக்கிறது. தளர்ந்து போனால் ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னால் போய் மொத்தும், உங்கள் சிதறலில் பாதி அதுவாகவே இருக்கலாம். குழலில் வைத்தபின் மழுங்கின பேனா முனையால் ஒரு மில்லி உள்ளே தள்ளிவிட்டு மடக்குங்க. ஒவ்வொரு தடவையும் அதே ஆழம் இருக்கணும்.

கொடுமுடி_மச்சான் எழுதியது:

அமெரிக்காவில் எங்கள் மாமா பையன் வீட்டிலேயே தோட்டா ரீலோட் (சுட்ட கூட்டில் மருந்தும் குண்டும் திரும்பப் போடுவது) செய்கிறான். அங்கே அது சகஜம். கூட்டில் குண்டை உட்கார வைக்கும் அவன் சீட்டிங் டையிலும் இதே வம்புதான். உள்ளே இருக்கும் ஸ்டெம் (குண்டைத் தள்ளும் கம்பி) குண்டின் மூக்கு வளைவோடு பொருந்தாமல் நுனியில் முட்டினால் குண்டு கோணலாக உட்கார்ந்து, ஆழமும் ஒன்றுக்கொன்று மாறும். ஸ்டெம்மை மாற்றினால் சரியாகிவிடுமாம். பிரஸ் நம்ம ஊரிலும் கிடைக்குமே என்று யாரும் அதில் இறங்கிவிடாதீங்க. இங்கே லைசென்ஸ் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். .177 ஏர் ரைஃபிளுக்கு, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் 2016 விதிகளில் லைசென்ஸ் விலக்கு உண்டு.

கோபி_தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. கம்பி முனையை உருட்டி, தலையோடு நிறுத்திப் பார்த்தேன். ஸ்கர்ட் நெளிவது நின்றுவிட்டது. உரிசல் கொஞ்சம் இருக்கிறது, புஷ் போட்டால்தான் போகும் போல. கணபதியில் இருக்கிற உங்கள் பட்டறைக்கு எடுத்து வரட்டுமாண்ணா?

கணபதி_லேத் எழுதியது:

வாங்க, ஞாயிறு தவிர. டை, கம்பி இரண்டையும் கொண்டு வாங்க, பிரஸ் வேண்டாம். அந்த ஈயச் சுருளை வாயால் ஊதித் தள்ளாதீங்க. ஈரத் துணியில் துடைத்து எடுத்துவிட்டு, சோப்பு போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடுங்க. பிள்ளைகள் விளையாடும் திண்ணையில் வைத்து இந்த வேலையைச் செய்யாதீங்க.