கமிஷன் பூஜ்யமாம்! அந்த 13 காசு எங்கே போனது?

மசாலாமில்_பினாங்கு:
போன வாரம் இங்கே ஓய்வுபெற்ற கவுண்டர் ஐயா ஒரு முத்தை உதிர்த்துவிட்டுப் போனார்: "கமிஷன் பூஜ்யம் என்று போட்டிருந்தால் பூஜ்யம்தான். ரேட்டில் தெரிகிற வித்தியாசம் சந்தை நிலவரம், கட்டணம் அல்ல." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. டொரோண்டோவில் ஒரு தமிழ்க் கடைக்கு மீன்கறித் தூள் அனுப்பினேன். 600 அமெரிக்க டாலர். கூகுளில் ஒரு டாலருக்கு 4.42 மலேசிய வெள்ளி. பணத்தை மாற்றிக் கொடுத்த இணையச் சேவை எனக்குப் போட்டது 4.29. கணக்கில் விழுந்தது 2,574 வெள்ளி; விழுந்திருக்க வேண்டியது 2,652. ரசீதில் 'கட்டணம் 0.00' என்று பச்சை எழுத்து வேறு. ஐயா, அந்த 13 காசு எங்கே போனது?

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
தம்பி, வங்கியில் வெளிநாட்டுப் பணக் கவுண்டரில் 31 வருடம் உட்கார்ந்தவன் நான். கூகுள் காட்டுவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருக்கிற எண். அந்த விலைக்கு உங்களுக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது. மொத்தச் சந்தையில் மிளகாய் விலையைக் கேட்டுவிட்டு சில்லறைக் கடைக்காரனிடம் சண்டை போடுவீர்களா? 13 காசு விலை. கட்டணம் அல்ல.

மசாலாமில்_பினாங்கு:
சில்லறைக் கடைக்காரன் லாபம் வைக்கிறான். நானும் வைக்கிறேன். ஆனால் பாக்கெட்டில் 'லாபம் பூஜ்யம்' என்று அச்சடிப்பதில்லை.

செந்தூல்_கோடிங்:
அண்ணே, ஒரு சின்னக் கேள்வி. 4.42 எந்த நாள் ரேட்? ஆர்டர் வந்த அன்றைக்கா, பணம் மாற்றிய அன்றைக்கா? நடுவில் நாலைந்து நாள் ஓடியிருந்தால் 13 காசில் ஒரு பங்கு ரிங்கிட் ஏறியதால் போனது, மிச்சம்தான் அவர்கள் எடுத்தது. இரண்டையும் பிரிக்காமல் பேசினால் விடியாது. கணக்குப் புத்தகத்திலும் அது தனித்தனிதான். இன்வாய்ஸ் போட்ட நாளின் ரேட்டில் விற்பனை, பணம் வந்த நாளின் வித்தியாசம் நாணய மாற்று லாப நட்டத்தில்.

மசாலாமில்_பினாங்கு:
எந்த நாளாக இருந்தால் என்ன தங்கச்சி, போனது 78 வெள்ளி.

பத்துமலை_வாத்தியார்:
ஒரு திருத்தம். 'வெள்ளி', 'காசு' என்று எழுதுவதை நிறுத்துங்கள். 1975லேயே ரிங்கிட், சென் என்று அதிகாரப்பூர்வமாக மாறிவிட்டது. படித்தவர்கள் வந்து போகிற இடம் இது.

மசாலாமில்_பினாங்கு:
வாத்தியாரே, என் பாட்டி வெள்ளி என்றுதான் சொல்லிக் கொடுத்தார். நீங்கள் சந்தையில் போய் "ஐந்து ரிங்கிட் ஐம்பது சென்னுக்குக் கீரை" கேட்டுப் பாருங்கள், உங்களை வெளிநாட்டுக்காரர் என்று நினைத்து விலையை ஏற்றுவார்கள்.

லெபோ_பினாங்_நோட்டு:
நாங்கள் மூன்று தலைமுறையாக நோட்டு மாற்றுகிறவர்கள். எங்கள் கடைப் பலகையில் 'வாங்குவது', 'விற்பது' என்று இரண்டு வரிசை வெளிப்படையாக இருக்கும். கமிஷன் கிடையாது. நடுவில் இருக்கிற இடைவெளிதான் சாப்பாடு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இணையத்தில் அந்த இரண்டாவது வரிசையைக் காட்டுவதில்லை. அங்கேதான் சூது.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
நோட்டு ரேட் வேறு, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் டி.டி. ரேட் வேறு. நோட்டுக்காரர்கள் இதில் தலையிட வேண்டாம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 என்று ரிங்கிட்டைக் கட்டிப் போட்டார்கள். 2005 ஜூலை வரைக்கும் அசையவில்லை. அதற்கு முன் ரேட் பலகையில் எண்களை மாற்றுவது என் வேலை. ஒரு நாளைக்கு நான்கு தடவைகூட ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறேன். கட்டிப் போட்ட பிறகு டாலர் வரிசையில் தூசி படிந்து, துடைப்பதற்கு மட்டும்தான் ஏறுவேன். இதையெல்லாம் பார்த்தவனிடம் வந்து கூகுள் ரேட் பேசுகிறீர்கள்.

மசாலாமில்_பினாங்கு:
ஐயா, தூசி படிந்த அந்தப் பலகையில் வாங்கும் விலையும் 3.80, விற்கும் விலையும் 3.80 என்றா இருந்தது?

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
எப்படி இருக்கும்? வாங்குவது அதைவிடக் கொஞ்சம் கீழே, விற்பது கொஞ்சம் மேலே. இது அடிப்படை.

மசாலாமில்_பினாங்கு:
சந்தை ஏழு வருடம் அசையவே இல்லை, ஆனால் வித்தியாசம் இருந்தது. அப்படியானால் அது 'சந்தை நிலவரம்' இல்லையே ஐயா? 😄

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
குதர்க்கம். அது வங்கிக்கு ஆகிற செலவு. உங்களுக்கு வந்தது இன்றைய நிலவரம். 2024 பிப்ரவரியில் 4.80ஐத் தொட்டது, அதே ஆண்டு செப்டம்பரில் 4.10 பக்கம் வந்தது. இப்படி ஆடுகிற நாணயத்தில் 13 காசைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். போன தீபாவளிக்கு முறுக்கு மாவு விவாதத்திலும் இப்படித்தான், கடைசி வரை அரிசி எது என்று சொல்லவில்லை.

மசாலாமில்_பினாங்கு:
அரிசியைச் சொன்னால் நாளைக்கே கோலாலம்பூரில் கடை திறந்துவிடுவீர்கள்.

செந்தூல்_கோடிங்:
சரி, இரண்டு பேரும் மூச்சு விடுங்கள். வழி இருக்கிறது. டாலரில் விலை போடுங்கள், டாலராகவே வெளிநாட்டு நாணயக் கணக்கில் வாங்கி வையுங்கள். விளம்பரத்துக்கும் இணையதள வாடகைக்கும் டாலரில்தானே கட்டுகிறீர்கள்? அங்கிருந்தே கட்டினால் மாற்றுகிற வேலையே பாதி குறையும். இரண்டு முறை மாற்றி இரண்டு முறை இழப்பதுதான் பெரிய ஓட்டை. வாங்கியவர் பணத்தைத் திரும்பக் கேட்டாலும் அதே கதைதான், அன்றைய விற்கும் ரேட்டில் டாலர் வாங்கிக் கொடுக்க வேண்டும். அப்புறம் ஜப்பானுக்கு விற்கிறவர்கள் கவனம். யென்னுக்குச் சில்லறை கிடையாது. ரிங்கிட்டைச் சென்னாக்குவது மாதிரி நூறால் பெருக்கி அனுப்பும்படி எழுதியிருந்த ஒரு தளத்தில் 5,000 யென் சேலைக்கு 5 லட்சம் யென் கேட்டுவிட்டது. அந்த அம்மா அனுப்பிய மின்னஞ்சலை நான்தான் படித்தேன்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
டாலராகவே வைத்துக்கொள்ள முடியாது அம்மா. ஏற்றுமதிப் பணத்தில் 75 விழுக்காட்டை ரிங்கிட்டாக மாற்றியே ஆக வேண்டும் என்பது மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி.

செந்தூல்_கோடிங்:
ஐயா, அது 2016 டிசம்பரில் வந்த விதி. 2021 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
நான் அந்தக் காலத்தைத்தான் சொன்னேன்.

செந்தூல்_கோடிங்:
"முடியாது" என்று நிகழ்காலத்தில் எழுதியிருக்கிறீர்கள்.

பத்துமலை_வாத்தியார்:
இலக்கணப்படி அது எதிர்மறை வினைமுற்று. மூன்று காலத்துக்கும் வரும்.

லெபோ_பினாங்_நோட்டு:
இந்தத் தலைவலிக்குத்தான் சொல்கிறேன், ரிங்கிட்டில் மட்டும் விலை போடுங்கள். மாற்றுவது வாங்குகிறவன் பாடு.

மசாலாமில்_பினாங்கு:
போட்டுப் பார்த்தேன் அண்ணே. டொரோண்டோக்காரர் "ரிங்கிட் என்றால் எவ்வளவு தம்பி?" என்று தினமும் வாட்ஸ்அப்பில் கேட்டார். அவர் வங்கியில் ரிங்கிட் அனுப்பவே வழியில்லையாம். நம் காசை வெளிநாட்டில் வைத்து வாங்கி விற்க விடுவதில்லையே, அவர் என்ன செய்வார்? டி.டி.யில் டாலர் அனுப்பச் சொன்னால் நடுவழியில் இன்னொரு வங்கி கை நீட்டுகிறது. கட்டணம் யார் தலையில் என்பதை அனுப்புகிறவர் குறிக்கவில்லை என்றால் என் தலையில்தான்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
பார்த்தீர்களா! நடுவழியில் பிடிப்பது கட்டணம். அது தனி வரியில் வரும். 13 காசு தனி வரியில் வரவில்லை. ஆகவே கட்டணம் அல்ல. முதல் நாளிலிருந்து இதைத்தான் சொல்கிறேன்.

மசாலாமில்_பினாங்கு:
தனி வரியில் போடாததுதானே என் புகாரே!

செந்தூல்_கோடிங்:
இரண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
இல்லை.

மசாலாமில்_பினாங்கு:
இல்லவே இல்லை.

லெபோ_பினாங்_நோட்டு:
என்னை 'நோட்டுக்காரர்' என்றதற்கு இன்னும் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. உரிமம் வாங்கி, கேமரா வைத்து, ஒவ்வொரு ரசீதுக்கும் கணக்கு எழுதி உட்கார்ந்திருக்கிறோம்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
உண்மையைச் சொன்னால் வருத்தம் எதற்கு? விஷயத்துக்கு வருவோம். தம்பி, உங்கள் முதல் பதிவைத் திருப்பிப் படித்தேன். திருத்தியிருக்கிறீர்கள். நேற்று அதில் 4.41 என்று இருந்தது. அப்படியானால் வித்தியாசம் 12 காசு, 13 அல்ல.

மசாலாமில்_பினாங்கு:
4.42தான் ஐயா. கூகுளைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற_கவுண்டர்:
படத்தில் நேரம் தெரிகிறதா?

மசாலாமில்_பினாங்கு:
இப்போது மட்டும் நேரம் எதற்கு?