உமிழ்வா, ஆவிப்போக்கா?

வணக்கம். மரங்கள் காற்றில் விடும், எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில், 'தாவர உமிழ்வு' என்றே வைத்துவிடலாம் என்று பண்ருட்டி அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. எச்சில் உமிழ்வது, நஞ்சு உமிழ்வது, புகை உமிழ்வது என்று பழகிப்போன சொல் அது. கடலூரில் 'கரிமச் சேர்ம உமிழ்வு' என்று சொல்லிப் பாருங்கள், கேட்பவர் எந்த ஆலை என்றுதான் கேட்பார். ஆனால் உலக அளவில் ஆலைகளையும் வண்டிகளையும் விட மரம் செடிகள் விடுவதே பல மடங்கு அதிகம். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கோடி டன், அதில் பாதியளவு ஐசோப்ரீன் என்ற சேர்மம். வெயில் சூட்டைத் தாங்க இலைக்கு உதவுகிற பொருள் அது.

புதுச்சேரி அக்கா சொன்ன 'இலைமணம்' அழகான சொல். தைலமரத்து இலையைக் கசக்கினால் பொருந்தும். ஐசோப்ரீனோ காட்டுக்குள் நடக்கும்போது மூக்குக்கே தெரியாது. 'சுரப்பு' என்பதும் பாதிதான் சரி. தைலமரத்துக்கு மணம் தரும் மோனோடெர்ப்பீன்கள் என்ற சேர்மங்கள் இலைச் சுரப்பிகளில் சேர்ந்திருந்து இரவிலும் கசியும், ஐசோப்ரீன் அப்படித் தங்காது. வெயிலில் உருவானதும் போய்விடும், இருட்டினால் நின்றுவிடும்.

நான் சொல்வது 'கரிம ஆவிப்போக்கு'. நீராவிப்போக்கு பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது, அதன் பக்கத்தில் இதை வைத்தால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். அளக்கும் இடத்தில் இரண்டும் கூடவே நிற்கின்றன. இலைகளோடு ஒரு கிளையை ஒளி புகும் டெஃப்லான் பைக்குள் விட்டுக் கட்டி, தூய காற்றைச் செலுத்தி, வெளிவரும் காற்றை விரல் நீளக் குழாய் வழியாக இழுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பையின் உட்புறம் வேர்த்துத் துளி கோத்துக்கொள்ளும். அது நீராவிப்போக்கு. கண்ணுக்குத் தெரியாமல் குழாய்க்குள் உள்ள உறிஞ்சுபொருளில் ஒட்டிக்கொள்வது கரிம ஆவிப்போக்கு.

அந்தப் பைக்குக் 'கிளைப்பை' என்ற பெயர் போதும். ஒரு கிராம் உலர்ந்த இலைக்கு மணிக்கு எத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கைப் 'போக்குவீதம்' எனலாம்.

கோபுர அளவீட்டில்தான் எனக்கு இன்னும் இடிக்கிறது. காட்டுக்கு மேலே கருவி வைத்து, காற்று மேலே ஏறுவதையும் கீழே இறங்குவதையும் அதில் உள்ள சேர்மத்தின் அளவையும் நொடிக்குப் பத்து முறை பதிந்தால், கிடைப்பது ஒரு மரத்தின் கணக்கல்ல. மேலே போனதில் கீழே படிந்ததைக் கழித்த மீதி. பிச்சாவரம் அலையாத்திக் காட்டின் மேல் அப்படி அளந்தால் அதை 'நிகரப் போக்கு' என்று எழுதலாமா? அண்ணனும் அக்காவும் சொல்லுங்கள்.