கோட்டையில் புது வேலை, குழுவில் நான் மட்டும்தான் தமிழ்

ஹட்டன்பிள்ளை:
ஆகஸ்ட் 1ஆம் திகதி கொழும்புக் கோட்டையில் ஒரு தனியார் கம்பனியின் கணக்குப் பிரிவில் சேர்கிறேன். குழுவில் பன்னிரண்டு பேர், தமிழ் நான் மட்டும். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குச் சிங்களம் வரும், மீட்டிங்கில் பேச வராது. தகுதிகாண் காலம் ஆறு மாதம். முதலில் எதைச் சரிபண்ண வேண்டும்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று யாராவது பகிடி விட்டால்?

பழைய லெட்ஜர்:
பெயரில் தொடங்குங்கள் தங்கச்சி. அடையாள அட்டையில் 'முத்துசாமி கவிதா' என்று இருந்தால், எச்ஆர் படிவத்தில் முத்துசாமிதான் முதற்பெயர் ஆகிவிடும். ஈமெயில், கதவு அட்டை எல்லாம் அப்பா பெயரில் வரும். பிறகு ஆபீஸே உங்களை முத்துசாமி என்று கூப்பிடும். சேர முன்பே, திரையில் 'கவிதா' என்று வரவேண்டும் என ஒரு வரி எழுதி அனுப்புங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) படிவத்திலும் வங்கிக் கணக்கிலும் மட்டும் அட்டையில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும். ஓர் எழுத்து கூடிக் குறைந்தாலும், பணம் எடுக்கும் நேரம் சத்தியக் கடதாசிக்கு அலைய வேண்டி வரும்.

ஈபிஎஃப் முதல் நாளிலிருந்தே உண்டு. 'நிரந்தரமானதும் போடுவோம்' என்றால் விடாதீர்கள். சம்பளம் 80,000 ரூபா என்றால் உங்களிடம் வெட்டுவது 8%, 6,400. கம்பனி போடுவது 12%, 9,600. ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3%, 2,400. அதுவும் கம்பனி காசுதான், உங்கள் சிலிப்பில் கழிவாக வந்தால் உடனே கேளுங்கள்.

வெள்ளவத்தை101:
மீட்டிங் இங்கிலீஷில் தொடங்கும், வாக்குவாதம் சூடானதும் சிங்களத்துக்குத் தாவும். முடிவு எடுப்பதும் அப்போதுதான். முழுவதும் விளங்க வேண்டியதில்லை. யார், எதை, எப்போதைக்கு, இந்த மூன்றையும் பிடியுங்கள். தவறினால் அங்கேயே 'ஆயெத் கியன்ன' (மறுபடி சொல்லுங்கள்) என்று கேளுங்கள். அன்றைக்கே மூன்று வரி மெயில், 'பிழை இருந்தால் திருத்துங்கள்' என்று. இன்னொன்று: 'பலமு' என்றால் சம்மதம் என்று நினைத்து வேலையைத் தொடங்காதீர்கள். பார்ப்போம் என்றால் நம்மூரில் என்ன அர்த்தமோ அதேதான்.

குறிப்புக்கொப்பி:
பகிடிக்கு முதல் தடவை சிரிக்காமல் 'அய் எஹெம கிவ்வே?' (ஏன் அப்படிச் சொன்னீர்கள்?) என்று மட்டும் கேளுங்கள். ஏன் சொன்னேன் என்று விளக்கப் போனாலே அந்தப் பகிடி செத்துவிடும். மறுபடியும் வந்தால் திகதி, நேரம், இடம், கூட இருந்தவர்கள், சொன்ன சிங்கள வார்த்தை எல்லாவற்றையும் அப்படியே குறித்து வையுங்கள். 'மரியாதையில்லாமல் பேசினார்' என்று எழுதினால் எச்ஆர் ஒன்றும் செய்யாது. ஆபீஸ் மெயிலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே உங்கள் குற்றமாக்கி விடுவார்கள்.

இலங்கை அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மொழி பார்த்துப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயலுக்கு எதிராகத்தான் செல்லும், தனியார் மேலாளரைப் பிடிக்காது. அதனால் கம்பனியின் நடத்தை விதியை முதல் வாரமே கேட்டு வாங்குங்கள்.

பழைய லெட்ஜர்:
லீவை மறந்துவிட்டோம். தைப்பொங்கல் மெர்கன்டைல் விடுமுறை (தனியார் கம்பனிகளுக்கும் உரிய விடுமுறை), தீபாவளி அப்படியில்லை. முதல் வருடம் இரண்டு மாதத்துக்கு ஒரு கெஷுவல் லீவுதான், ஆகஸ்டில் சேர்ந்தால் தீபாவளிக்குள் கையில் ஒன்றே ஒன்று. அதைத் தடிமன் காய்ச்சலுக்குச் செலவழிக்காமல், ஹட்டன் ரயிலுக்கு இப்போதே ஒதுக்கி வையுங்கள்.