மகள் தன்னைப் பிறரோடு ஒப்பிட்டு வாடுகிறாள்: பெற்றோர் என்ன செய்யலாம்?

கேள்வி (ஒரு தாய்):
வணக்கம். என் மகளுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் ஒரு படத்தைப் பதிவிட்டால், எத்தனை லைக் வந்திருக்கிறது என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறாள். எதிர்பார்த்த அளவு வராவிட்டால் அன்றிரவே அதை நீக்கிவிடுகிறாள். வகுப்புத் தோழி ஒருத்தியின் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, தன் நிறம், பல்வரிசை, இடுப்பு என்று ஒவ்வொன்றாகக் குறை சொல்லத் தொடங்கியிருக்கிறாள். ‘மற்றவர்களோடு உன்னை ஏன் ஒப்பிடுகிறாய்’ என்று நானும் கணவரும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டோம்; சொன்னதும் பேச்சை முறித்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். கைப்பேசியைப் பிடுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை, கண்டும் காணாமல் இருக்கவும் முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1 (பள்ளி மாணவர் ஆலோசகர்):
அன்புள்ள சகோதரி, தம்மை அளந்து பார்க்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் பிறரைப் பார்த்தே தம்மை அளந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954ஆம் ஆண்டிலேயே எழுதினார். பதின்வயதில் இந்த இயல்பு இன்னும் கூர்மையாக இருக்கும் என்பதால், ‘ஒப்பிடாதே’ என்று சொல்லும்போது ஏற்கெனவே இருக்கும் வருத்தத்தோடு குற்றவுணர்வும் சேர்ந்துகொள்கிறது. அதன்பிறகு பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

ஒப்பிடும் பழக்கத்தைவிட, அதற்குத் தீனி போடும் செயலியின் போக்கையே நான் முதலில் கவனிப்பேன். எந்தப் படத்தில் பார்வை சற்றுக் கூடுதலாக நின்றது என்பதை அது கணக்கில் வைத்துக்கொண்டு, அதே வகைப் படங்களை மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டுகிறது. விரும்பிப் பார்த்தாளா, வெம்பிப் பார்த்தாளா என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. ஆகவே ஒருநாள் அவள் அருகில் அமர்ந்து, கைப்பேசி அவள் கையிலேயே இருக்க, ‘இந்தக் கணக்கைப் பார்த்து முடித்ததும் உனக்கு எப்படி இருக்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். மனம் சோர்வதாக அவளே சொல்லும் படங்களுக்கு ‘ஆர்வமில்லை’ என்று குறிப்பிடவும், அந்தத் தோழியின் கணக்கை மியூட் செய்யவும் (அதாவது, தொடர்பைத் துண்டிக்காமல் அவளது பதிவுகள் தானாக வந்து நிற்பதை மட்டும் நிறுத்தவும்) வழி இருக்கிறது. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியும் 2021 முதல் எல்லோருக்கும் உண்டு. ஆனால் தன் படத்துக்கு வந்த எண்ணிக்கையைத் தான் தேடிப் பார்க்க முடியும் என்பதால், அதை முழுத் தீர்வாக நினைக்க வேண்டாம்.

பதில் 2 (ஒளிப்படத் திருத்தம் செய்பவர்):
அம்மா, இது என் தொழில் என்பதால் சொல்கிறேன். ‘இவையெல்லாம் பொய்’ என்று பொதுவாகச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நம்பாது. தடயத்தைக் காட்டினால் நம்பும். படத்தைப் பெரிதாக்கிக் கண்மணியைப் பாருங்கள். அதில் வெள்ளை வளையம் தெரிந்தால் முகத்துக்கு நேராக வட்ட விளக்கு வைத்திருக்கிறார்கள். இடுப்பைச் செயலியில் ஒடுக்கியிருந்தால், அதை ஒட்டிய கதவு நிலையோ தரைக்கட்டத்தின் கோடோ அந்த இடத்தில் மட்டும் லேசாக வளைந்திருக்கும். கன்னத்தில் ஒரு ரோமத் துளைகூட இல்லாமல் காதோர முடி மட்டும் தெளிவாக இருந்தால் அது ஃபில்டரின் வேலை. ஆனால் அந்தத் தோழியின் படத்தில் இந்தத் தேடலைத் தொடங்காதீர்கள். அது அவளை மட்டம் தட்டும் விளையாட்டாக மாறிவிடும். விளம்பரப் படங்களே போதும்.

பதில் 3 (இரு பிள்ளைகளின் தந்தை):
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனாலும் நேரக் கட்டுப்பாட்டை அடியோடு ஒதுக்க வேண்டாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றையும் நாளுக்குப் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கு மூன்று வாரங்களில் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதால், 15 வயதுப் பிள்ளைக்கு அது அப்படியே பொருந்தும் என்று நான் வாதிடவில்லை. பிடுங்குவதற்கும் விட்டுவிடுவதற்கும் நடுவே ஓர் இடம் உண்டு என்கிறேன். இன்னொன்று, கசப்பாக இருந்தாலும்: ‘அவளைப் பார், எப்படிப் படிக்கிறாள்’ என்று மதிப்பெண் விஷயத்தில் நாமே ஒப்பிட்டுக்கொண்டு, இடுப்பு விஷயத்தில் மட்டும் ஒப்பிடாதே என்றால் அது எடுபடாது.

கேள்வி கேட்ட தாய்:
அனைவருக்கும் நன்றி. மியூட் செய்தால் தோழிக்குத் தெரிந்து நட்பு கெட்டுவிடுமோ என்று மகள் அஞ்சுவாள். சில வாரங்களாக இரவு உணவையும் பாதியில் வைத்துவிட்டு எழுகிறாள்.

பதில் 1 (பள்ளி மாணவர் ஆலோசகர்):
மியூட் செய்வது மற்றவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. வேண்டும்போது அவளே தோழியின் பக்கத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளவும் முடியும். உணவைப் பற்றி நீங்கள் முதலிலேயே சொல்லியிருந்தால் என் பதிலை அங்கிருந்துதான் தொடங்கியிருப்பேன். உடலைக் குறை சொல்வதும் உணவைக் குறைப்பதும் சேர்ந்து வரும்போது இணையத்தில் ஆலோசனை கேட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. எடையைப் பற்றி வீட்டில் யாரும் பேச வேண்டாம். இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எதற்காகப் போகிறோம் என்பதை அவளிடம் மறைக்காமல் சொல்லிவிட்டே அழைத்துப் போங்கள்.