அம்மாவின் கைரேகை மெஷினில் விழவில்லை, வாழ்நாள் சான்றிதழுக்கு என்ன செய்ய?

கேள்வி:
எங்களுக்கு முக்கூடல் பக்கம். அம்மா நாற்பது வருஷம் பீடி சுற்றியவர். பி.எஃப். பென்ஷனுக்கு வாழ்நாள் சான்றிதழ் பதியக் கூட்டிப்போனேன். பத்து விரலும் வைத்தாயிற்று. தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, மறுபடியும் வைத்தாயிற்று. எடுக்கவில்லை. இலையை மடக்கி மடக்கி விரல் நுனி கண்ணாடி மாதிரி வழவழ என்றாகிவிட்டது. “ஏல, உயிரோட உக்காந்திருக்கேன், இன்னும் என்ன சாட்சி வேணுமாம்?” என்கிறார். வேறு வழி உண்டா?

பதில் 1:
அண்ணாச்சி, விரலை விடுங்க. பி.எஃப். பென்ஷனுக்கு 2022-லிருந்து முகத்தை வைத்தே பதியலாம். ஆண்ட்ராய்டு போனில் ஜீவன் பிரமாண், ஆதார் ஃபேஸ் ஆர்டி இரண்டு செயலியும் வேண்டும். முதலில் உங்கள் ஆதாரைக் கொடுத்து ஆபரேட்டராக, அதாவது செயலியை இயக்குபவராகப் பதியுங்கள், அப்புறம்தான் அம்மா விவரம். கண்ணைச் சிமிட்டச் சொல்லும். போட்டோவைக் காட்டி ஏமாற்றக் கூடாதில்லையா. பி.பி.ஓ. எண், அதாவது பென்ஷன் ஆணையில் உள்ள எண், கையில் இருக்கட்டும்.

பதில் 2:
வெளிச்சம் முகத்தில் விழணும். எங்க ஆச்சியை வெயிலுக்கு முதுகு காட்டி உட்காரவைத்து அரைமணி நேரம் போச்சு.

கேட்டவர்:
ஆச்சு! வேப்பமரத்தடியில் மூன்றாவது தடவை எடுத்தது. சிமிட்டச் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு, அதில்தான் முதல் இரண்டும் வீண். பதிந்த நாளிலிருந்து ஒரு வருஷம் செல்லுமாம், காலண்டரில் சுழித்துவைத்தேன்.