பழைய எஸ்யூவியை மாற்றணும், மைலேஜை எங்கே ஒப்பிடுவது?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். டீலர் சொல்லும் மைலேஜும் ஓட்டுகிறவர்கள் சொல்வதும் ஒத்தே வரவில்லை. பழைய மாடல்களையும் சேர்த்து ஒப்பிட நம்பகமான இடம் இருக்கிறதா?

பதில் 1: ஃப்யூயல்எகானமி.கவ் (fueleconomy.gov) தளத்தைப் பாருங்க. அமெரிக்க எரிசக்தித் துறையும் இபிஏவும் (சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை) நடத்துவது, 1984 மாடலிலிருந்து இருக்கிறது. 2008-ல் சோதனை முறை மாறியபோது பழைய வண்டிகளின் எண்களையும் புது முறைக்கு மாற்றிவிட்டார்கள், அதனால் வண்டிக் கண்ணாடியில் ஒட்டி வந்த பழைய மைலேஜ் ஸ்டிக்கரை வைத்து ஒப்பிடாமல் தளத்தில் இருப்பதையே எடுங்கள். 'கம்பைன்டு' என்பது 55% நகரம், 45% ஹைவே. உங்கள் ஓட்டம் வேறு என்றால் விகிதத்தையும் கேஸ் (பெட்ரோல்) விலையையும் நீங்களே மாற்றிப் பார்க்கலாம்.

பதில் 2: அப்புறம், எம்பிஜி (ஒரு கேலனுக்கு எத்தனை மைல்) வித்தியாசத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க. வருஷம் 15,000 மைல் ஓடினால் 15-லிருந்து 20-க்குப் போகிறவருக்கு 250 கேலன் மிச்சம், 30-லிருந்து 40-க்குப் போகிறவருக்கு 125 தான். ஸ்டிக்கரில் '100 மைலுக்கு எத்தனை கேலன்' என்று சின்னதாகப் போட்டிருப்பார்கள், அதைத்தான் முதலில் பார்க்கணும்.

கேள்வி கேட்டவர்: எங்கள் வண்டி 16 தான் தருகிறது, அப்படியானால் 24 தரும் வண்டியே பெரிய மிச்சம். இன்றே போட்டுப் பார்க்கிறேன், ரொம்ப நன்றி.